பாயளவு வெயில்

தை பிறந்து பதினோராம் நாள் காலையில், ஐப்பசியில் வந்து குந்திய மேகம் இன்னும் எழுந்து போகாத கீழமுள்ளோடையில், யார் வீட்டு முற்றத்திலும் விழாத வெயில் வெயிலுகந்தாள் மேல் மட்டும் விழுந்தது. ஒரு பாயை விரித்த அளவு வெயில். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தபோது வெயிலும் கூட நடந்தது, வரிசையில் நின்றபோது அதுவும் நின்றது, தண்ணீர் நிறைந்த குடத்தோடு அவள் திரும்பியபோது அதுவும் திரும்பி வீட்டுக்கு வந்தது. தரையில் நிழல் விழுந்த ஒரே ஆளாக அவள் அன்றைக்கு ஊருக்குள் நடமாடினாள்.

அதை முதலில் பார்த்தவள் லிங்கக்கனி. அவள் வெயிலுகந்தாளின் ஓரகத்தி. அண்ணன் சுயம்புவைக் கட்டியவள் வெயிலுகந்தாள், தம்பி தவசியைக் கட்டியவள் லிங்கக்கனி. ஒரே வீட்டை நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பி இரண்டாக்கி, பின்முற்றத்தை மட்டும் பொதுவில் வைத்திருந்தார்கள். சுயம்பு மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தான். போனால் வர மாதங்கள் ஆகும். லிங்கக்கனி எதையும் லேசில் நம்பமாட்டாள். முட்டை வாங்கினால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். ஒரு கடையில் கொடுத்த மாத்திரையை இன்னொரு கடையில் காட்டி, இது அதுதானா என்று கேட்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை ஏழாம் மாதத்தில் இருந்தது. அதையுமே இரண்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் நம்பினாள்.

"என்னக்கா இது?" என்றாள்.

"எது?"

"உங்க மேல வெயில் அடிக்கி."

வெயிலுகந்தாள் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "ஆமா. விடிஞ்சதுலருந்தே அடிக்கி. வத்தல் நமத்துப் போச்சுன்னு சொன்னியே, எடுத்துட்டு வாயேன்."

வத்தல் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. லிங்கக்கனி ஒன்றை எடுத்து ஒடித்து, முகர்ந்து, ஒரு துண்டைக் கோழிக்குப் போட்டு, கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு டப்பாவில் அடைத்தாள்.

மூன்றாம் நாளே ஊருக்கு அது பழகிவிட்டது. கீழமுள்ளோடைக்காரர்களுக்கு எதுவும் சீக்கிரம் பழகும். கடல் ஒரு வருஷம் உள்ளே வந்து பள்ளிக்கூடத்தை நனைத்துவிட்டுப் போனபோதும் மறுநாள் காலையில் பெஞ்சைத் துடைத்துப்போட்டு மணி அடித்தவர்கள் அவர்கள். வெயிலுகந்தாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ள, அவளைச் சுற்றிக் கூழ்வடகமும் கருவாடும், ஈர வாடை போகாத பள்ளிக்கூடச் சட்டைகளும், பூஞ்சை பிடித்த கல்யாண போட்டோக்களும், உரசினால் பற்றாத தீப்பெட்டிகளும் வட்டமாகப் பரப்பிவைக்கப்பட்டன. வைத்தவர்கள் தங்கள் பொருள்மேல் கண்ணை வைத்தபடி கொஞ்சம் தள்ளி நின்றார்கள். எனக்கு ஓரத்து வெயில், அவளுக்கு நடு வெயிலா என்று முதல் சண்டை வந்தது நாலாம் நாள்.

ஐந்தாம் நாள் ஊர்த்தலைவர் ஆதிலிங்கம் வந்தார். அந்த ஊருக்கு உப்பளத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மழை ஓய்ந்ததும் தையில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கடல்நீரைப் பாய்ச்சி, மாசியில் முதல் உப்பு வாருவார்கள். அந்த வருஷம் பாய்ச்சிய நீர் பாய்ச்சியபடியே நின்றது. வெயில் இல்லாமல் உப்பு எங்கிருந்து வரும்? ஆதிலிங்கம் வெயிலுகந்தாளைத் தன் பாத்திக்கு அழைத்துப்போய், நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். காலை உப்புநீரில் வைத்துக்கொண்டு அவள் நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் அங்கேயே வந்தன. ஐந்தாம் நாள் நாற்காலியைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று உப்பு பூத்தது. வாரிப் பார்த்தார்கள். ஒரு குடும்பம் ஒரு வருஷத்துக்குக் குழம்பு வைக்கலாம், அவ்வளவுதான்.

எல்லோரும் அந்த வெள்ளைப் பாயைப் பார்த்தார்கள், பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் கருநீலமாகக் கிடந்த மற்றப் பாத்திகளைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். வத்தல் காயப்போட வந்தபோது யாருக்கும் வராத கேள்வி அப்போது வந்தது.

"நானூறு ஏக்கருக்கு விழவேண்டிய வெயில் எங்கலே போச்சு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"அதான் தெரியுதே, கண்ணால பாக்கோமே" என்றார் இன்னொருவர்.

அன்றைக்கு மாலை யாரும் வெயிலுகந்தாள் வாசலில் எதையும் காயப்போடவில்லை. போட்டிருந்தவர்களும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் ஒரு நாள் பின்முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த லிங்கக்கனியின் பக்கத்தில் வெயிலுகந்தாள் வந்து நின்றாள். வெயிலின் ஓரம் லிங்கக்கனியின் வயிற்றில் பட்டது. உள்ளே பிள்ளை ஓங்கி ஒரு உதை உதைத்தது. அதுவரைக்கும் அப்படி உதைத்ததே இல்லை. "பாத்தியாட்டி, வெயிலு பிடிச்சிருக்கு அதுக்கு" என்று வெயிலுகந்தாள் சிரித்தாள். அவளுக்குப் பதினான்கு வருஷமாகப் பிள்ளை இல்லை. லிங்கக்கனி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சந்தோஷத்தில் உதைத்ததா, பயத்தில் உதைத்ததா என்று யாரிடம் கேட்பது? இரண்டு ஸ்கேனிலும் அது தெரியாது.

மாசி முதல் வெள்ளியன்று ஊர் கூடியது. ஓடைக்கரையில் கூரை போடாத வெயிலுகந்த அம்மன் கோயில் ஒன்று உண்டு. அதன் முன்னால் கூடினார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வெயிலுகந்தாள் இருந்தாள். பெரிய வெயிலு, சின்ன வெயிலு, மேலத்தெரு வெயிலு, மாறுகண் வெயிலு என்று அடையாளம் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு பெண்பிள்ளைகள் ஹர்ஷிதாவாகவும் தர்ஷினியாகவும் பிறக்க ஆரம்பித்தார்கள். பழைய வெயிலுகள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். அந்தப் பேரில் மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். குற்றம் பேரில்தான் இருக்கிறது என்று ஊர் முடிவுக்கு வந்திருந்தது. பேருக்கு என்ன அர்த்தம் என்பதுதான் பாக்கி. அதைச் சொல்ல, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பிரம்மநாயகம் வரவழைக்கப்பட்டார்.

"உகத்தல் என்றால் விரும்புதல், மகிழ்தல்" என்று அவர் ஆரம்பித்தார். "வெயிலை உகந்தாள் என்று பிரித்தால் இரண்டாம் வேற்றுமை. அதாவது இவள் வெயிலை விரும்பினாள்."

"அப்போ இவதான் கூப்பிட்டிருக்கா" என்றது கூட்டம்.

"பொறுங்கப்பா. வெயிலுக்கு உகந்தாள் என்று பிரித்தால் நான்காம் வேற்றுமை. வெயிலுக்கு இவளைப் பிடித்திருக்கிறது. அப்படியானால் இவள்மேல் தப்பில்லை."

"ரெண்டுல எது அய்யா?"

பிரம்மநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தைந்து வருஷம் அவர் நடத்திய இலக்கணத்தை இவ்வளவு கவனமாக ஒருவரும் கேட்டதில்லை. "உருபு மறைந்து நிற்கிறது. எது மறைந்திருக்கிறது என்று பேர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

எல்லோரும் வெயிலுகந்தாளைப் பார்த்தார்கள். மேகத்தின் சாம்பல் வெளிச்சத்தில் கூட்டம் முழுக்க மங்கலாக நிற்க, அவள் மட்டும் மஞ்சளாக நின்றாள்.

"எங்க அம்மைக்கு ஆச்சியோட ஆச்சிக்குத்தான் அந்தப் பேர் முதல்ல வந்தது" என்றாள். "அம்மன் பேர் இல்ல அது. அம்மனுக்கே அப்புறமாத்தான் அந்தப் பேர் வந்ததுன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. அவ உப்பு சுமக்கிறவ. மடியில ஒரு கை உப்ப ஒளிச்சிட்டான்னு அளத்துக்காரருக்குச் சந்தேகம். ஒத்துக்கிட்டா நிழலுக்குப் போகலாம், ஒத்துக்கிடாட்டி வெயில்லயே நில்லுன்னு பாத்திக்கு நடுவுல நிறுத்திட்டாரு. சித்திரை மாசம். ஒரு நாழிகைக்கு ஒருக்க குடையோட வந்து, சுடுதாட்டின்னு கேப்பாராம். எனக்கு உகந்துதான் இருக்குன்னு சொல்லுவாளாம். பொழுது அடையுற மட்டும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாளாம். நாலாவது தடவைக்கு மேல அவரால வெயில் தாங்க முடியலை, வரலை. அதுக்கு முன்னால அவளுக்கு என்ன பேர்னு இப்போ யாருக்கும் தெரியாது."

பிறகு லிங்கக்கனிதான் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"அவ உப்ப எடுத்தாளா இல்லையாக்கா?"

"எங்க வீட்ல யாரும் அத கேட்டதில்லட்டி" என்றாள் வெயிலுகந்தாள்.

அது போதுமாக இருந்தது. திருட்டில் பிறந்த பேர் என்று ஒருவர் சொன்னார். அதான் இன்றைக்கும் புத்தியைக் காட்டுகிறது என்று இன்னொருவர் சொன்னார். பொழுது சாய்வதற்குள், பேரை மாற்றிவிட்டால் வெயில் அவரவர் பாத்திக்குத் திரும்பிவிடும் என்று முடிவாகிவிட்டது. சும்மா வாயால் மாற்றினால் செல்லாது, அரசிதழில் அச்சேற வேண்டும். வர்ஷா என்று வைக்கலாம் என்றார்கள். அதற்கு மழை என்று அர்த்தம், வேண்டாம் என்றார் பிரம்மநாயகம். வானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பேராகத் தேடிச் சுகன்யா என்று முடிவு செய்தார்கள்.

"மாத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெயிலுகந்தாள் வீட்டுக்குப் போனாள். வெயிலும் போனது.

இரண்டு நாள் கழித்து ஆதிலிங்கம் மனுவை எடுத்துக்கொண்டு லிங்கக்கனியிடம் வந்தார். காஸ் இணைப்பு வாங்கியபோது கொடுத்த வெயிலுகந்தாளின் ஆதார் நகல் லிங்கக்கனியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது; கையெழுத்தும் அதிலேயே இருந்தது.

"நல்லா இருக்குமா அண்ணாச்சி?" என்றாள் லிங்கக்கனி.

"உன் புருஷன் வேலைக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை இல்லாதவ மேல விழுத வெயிலு. நீ வயித்துல வச்சுக்கிட்டு ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கெடக்க. மிச்சத்தையும் நான் சொல்லுத வரைக்கும் காத்திருக்காத" என்றார்.

அவர் போன பிறகு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கையெழுத்தை நாலு தடவை எழுதிப் பழகினாள். ஐந்தாவது தடவை மனுவில் எழுதினாள். பழகிய தாளை அடுப்பில் போட்டாள். மனு தபாலில் சென்னைக்குப் போயிற்று. அதன்பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் அவளுக்குச் சந்தேகம், கேட்காவிட்டாலும் சந்தேகம். அக்கா வழக்கம்போல மீன்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுவர்மேல் வைத்தாள். ஏன் இன்னும் வைக்கிறாள் என்று நினைத்து லிங்கக்கனி அதைச் சாப்பிடாமல் வைத்திருந்து கொட்டினாள்.

பங்குனி நாலாம் தேதி, நாள் நிறையும் முன்பே வலி வந்து, பெண்பிள்ளை பிறந்தது. இரண்டரைக் கிலோ. மூன்றாம் நாள் பிள்ளையின் கண்ணும் தோலும் மஞ்சளாயின. ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் அடியில் இரண்டு நாள் படுக்கவைத்து, இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஏறினால் உடனே வாங்க, மற்றபடி காலை இளவெயிலில் கொஞ்சம் காட்டுங்க என்று டாக்டரம்மா சொன்னாள். எந்த ஊர் என்று அவள் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

லிங்கக்கனி நூறு வாட் பல்பை வாங்கிவரச் சொல்லித் தொட்டிலுக்கு மேல் தொங்கவிட்டாள். ஒரு நாள் போயிற்று. மறுநாள் பிள்ளை பால் குடிக்கும்போதே தூங்கியது. உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கியிருந்தது. தவசி ஆட்டோவுக்கு ஓடினான். ஓடைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, வடிந்ததும்தான் வண்டி வரும், மதியம் ஆகும் என்று வந்து சொன்னான்.

வெயிலுகந்தாள் நாற்காலியில் ஏறி நின்று சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "பிள்ளையக் கொண்டாட்டி" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

லிங்கக்கனி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஊருக்குப் பயந்து தவசி வாசல் பக்கம் பார்த்தான்.

"நான் தொடலை" என்றாள் வெயிலுகந்தாள். "நீ மடியில வச்சுக்கிட்டு முற்றத்துல உக்காரு. நான் பக்கத்துல நிக்கேன். அவ்வளவுதான்."

லிங்கக்கனி பிள்ளையின் வாயைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தாள். அது சப்பவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள், அழவில்லை. எழுந்து பின்முற்றத்துக்குப் போனாள்.

வெயிலுகந்தாள் வந்து நின்றதும் வெயில் பிள்ளைமேல் விழுந்தது. லிங்கக்கனி பிள்ளையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு முணுமுணுக்கிறதா, கண் எங்கே போகிறது, கை எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் இமைக்காமல் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த முகம் களைத்திருந்தது. நெற்றியில் தோல் உரிந்து, உதடு வெடித்து, கழுத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. இரண்டு மாதமாக ஒரு நொடிகூட நிழல் இல்லாமல், வீட்டுக்குள்ளும் கூரையைத் தாண்டி வந்து விழும் வெயிலில் சமைத்து, சாப்பிட்டுக் கிடந்தவளின் முகம் அது. இது இவளுக்கு வலிக்கும் என்று அதுவரை லிங்கக்கனிக்குத் தோன்றியதே இல்லை.

"சுடுதாக்கா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"சுடாமையா இருக்கும்" என்றாள் வெயிலுகந்தாள்.

மதியம் தண்ணீர் வடிந்தது, ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று நாள் நீல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளை தேறிவிட்டது. ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் தேறியதா, முற்றத்து வெயிலில் தேறியதா என்று லிங்கக்கனி டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. அவள் ஆயுசில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளையோடு அவள் ஊர் திரும்பிய அன்று பாலத்தைத் தாண்டும்போதே கண் கூசியது. மேகம் போயிருந்தது. நானூறு ஏக்கரும் கண்ணாடியாக மின்ன, ஊரே முழங்கால்வரைக்கும் துணியைச் செருகிக்கொண்டு பாத்தியில் நின்றது. வெயிலுகந்தாள் மேல் விழுந்த வெயிலை இப்போது தனியாகப் பார்க்க முடியவில்லை. கூரையைத் தாண்டி வெயில் வராத வீட்டுக்குள் அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசிதழ் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது. ஆதிலிங்கம் அதை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, எல்லோருக்கும் காட்டினார். சுகன்யா என்று அச்சாகியிருந்தது. பேர் மாறியது, வெயில் வந்தது என்று ஊர் கைதட்டியது. லிங்கக்கனி மட்டும் தேதியைப் பார்த்தாள். மேகம் போனதற்கு மூன்று நாளைக்குப் பிறகுதான் அது அச்சாகியிருந்தது. சொன்னாள். சென்னையில் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

உப்பளத்தில் மேஸ்திரி காலையில் பேர் கூப்பிட்டார். "சுகன்யா" என்றார். பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று குறித்துக்கொண்டார். வெயிலுகந்தாள் அவருக்கு எதிரிலேயே வாருபலகையோடு நின்றுகொண்டிருந்தாள். நாலு நாள் இப்படியே நடந்தது. நாலு நாளும் அவள் வேலை செய்தாள், நாலு நாளும் அவள் வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் லிங்கக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தாள்.

"மனுவுல கையெழுத்து போட்டது நான்தான்க்கா."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அரசிதழோட வந்த மனு நகல எங்கிட்ட காட்டினாங்க. 'வெ'க்கு முதல்ல கொம்பு போட்டுட்டுத்தான் நான் 'வ' எழுதுவேன். நீ 'வ' எழுதிட்டு, கொம்ப அப்புறமா இடுக்குல சொருகியிருக்க. அந்தப் பேர ஒண்ணாங் கிளாசுலருந்து எழுதினவ அப்படி எழுதமாட்டா."

லிங்கக்கனி அழுதாள். அழுதபடியே, வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னாள். "பிள்ளைக்கு உங்க பேர வைக்கேன்க்கா. வெயிலுகந்தாள்னு. அந்தப் பேர் அழியாம இருக்கும்."

"வேண்டாம்" என்றாள் வெயிலுகந்தாள். குரலில் கோபம் இல்லை. "உனக்குப் பிடிச்ச பேரா வை. அது என் பேரு. நான் இன்னும் சாகலை."

அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை. மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். பேர் மாற்ற மனு வாங்கும் அலுவலகத்தில் லிங்கக்கனி நடந்ததைச் சொன்னாள். அங்கிருந்தவர் நம்பவில்லை. "யார் உன்னைச் சொல்லச் சொன்னது? இவங்க மிரட்டினாங்களா?" என்று கேட்டார். பொய்க் கையெழுத்துக்குக் கேஸ் ஆகும், தெரியுமா என்றார். தெரியும் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்; இரண்டு முறையும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் முறை, வெயிலுகந்தாள் கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, பேரைப் பழையபடி மாற்றும் மனுவை வாங்கிக்கொண்டார்கள். தவசி அவளோடு பேசுவதை நிறுத்தினான். ஆதிலிங்கம் வீட்டு வாசலில் நின்று, மறுபடி மேகம் கட்டினால் ஊர் உன்னைத்தான் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி மாதம் எட்டாம் தேதி பேர் திரும்ப அச்சாகும் என்று தகவல் வந்தது. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே கீழமுள்ளோடையில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நானூறு ஏக்கரிலும் ஆட்கள் பலகையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். பிரம்மநாயகம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி வாக்கில் கடல் பக்கமிருந்து ஒரே ஒரு மேகம், ஒரு ஆட்டுக்குட்டி அளவு, மெல்ல ஏறி வந்தது. பாத்திகளின் மேல் அதன் நிழல் ஊர்ந்தது. லிங்கக்கனியும் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த மேகத்தையே பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அது போகுமா, நிற்குமா?

மேஸ்திரி காலையில் விட்டுப்போன பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"வெயிலுகந்தாள்."

"இருக்கேன்" என்றாள் அவள், பலகையை முன்னே தள்ளி உப்பை வாரியபடி. அந்த நானூறு ஏக்கரில் மேலே பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.